இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாவது சுகப்பிரசவம் ஆகுமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்காவது தவறாக எடுத்துக்கொண்டிருந்தால் திருத்துங்கள். உங்களுக்கு வயது 30. முதல் குழந்தைக்கு 41-ஆவது வாரத்தில் ஜெல் வைத்து வலி வரவைத்தார்கள். 16 மணி நேரம் வலி தாங்கினீர்கள். கர்ப்பப்பை வாய் மூன்று விரல் வரை திறந்து, அதற்கு மேல் நகரவில்லை என்று ஆபரேஷன் செய்து 3.4 கிலோ குழந்தையை எடுத்தார்கள். இரண்டாவது பிரசவத்தில் வலியே வரவில்லை. "முதலில் ஆபரேஷன், அதனால் இதுவும் ஆபரேஷன்தான்" என்று 38-ஆவது வாரத்தில் நாள் குறித்துவிட்டார்கள். சின்னவளுக்கு இப்போது மூன்றரை வயது. இப்போது உங்களுக்கு ஐந்தாம் மாதம். நீங்கள் காட்டும் டாக்டர், கேள்வியை முடிக்கவிடாமலே "மூன்றாவதும் ஆபரேஷன்தான், அப்படியே குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடலாம்" என்றாராம். யூடியூபிலோ, மூன்று ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டிலேயே பெற்றதாக ஒருவர் பேசுகிறார். மாமியார் "இதாவது சுகப்பிரசவமா ஆகட்டும்" என்று தினமும் விளக்கேற்றுகிறார். மூன்றோடு போதும் என்று நீங்களும் கணவரும் முடிவு செய்திருக்கிறீர்கள்.

ஆகுமா, தையல் பிரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "ஆசைப்படுவதே தப்பா?" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் கதவைச் சாத்திவிட்டார், இன்னொருவர் கதவே தேவையில்லை என்கிறார். நடுவில் நின்றுகொண்டு யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

நான் மகப்பேறு மருத்துவர். இருபத்தாறு வருடம் பிரசவம் பார்த்திருக்கிறேன், அதில் பெரும்பகுதி அரசு மருத்துவமனை லேபர் வார்டில். உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல், பழைய கேஸ் ஷீட்டைப் படிக்காமல், "நீங்கள் முயற்சி செய்யலாம்" என்றோ "கூடாது" என்றோ என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும். ஆசைப்படுவது தப்பே இல்லை. அந்த ஆசை நடக்குமா என்பது உங்கள் மனவுறுதியைவிட இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: பழைய ஆபரேஷனைப் பற்றி எழுதிவைத்திருக்கும் காகிதம், நீங்கள் வலியோடு போய்ப் படுக்கப்போகும் இடம்.

காகிதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் அடிவயிற்றில் தெரியும் தழும்பு தோலின் தழும்பு. அது குறுக்கே, அழகாக, பாவாடை நாடாவுக்குக் கீழே மறைந்திருக்கலாம். உள்ளே கர்ப்பப்பையை எப்படித் திறந்தார்கள் என்பதை அது சொல்லாது. பெரும்பாலும் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தான் திறப்போம். டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்.எஸ்.சி.எஸ். என்று போட்டிருப்பது அதைத்தான். அந்த இடம் மெல்லியது, வலியின்போது அதிகம் சுருங்காமல் விரிந்துகொடுக்கும் பகுதி, அதனால் தையல் தாங்கும். ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, மாதம் குறைவாக இருந்தாலோ, தலை இடுப்பில் இறுக்கமாக மாட்டியிருந்தாலோ, சில நேரம் மேல்நோக்கி நெடுக்காக வெட்ட வேண்டி வரும். குறுக்கு வெட்டு போதாமல் நடுவில் மேலே நீட்டி, தலைகீழ் ‘டி’ மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்கு வெட்டு இருந்தால், வலி வரும்போது 100 பேரில் 4 முதல் 9 பேருக்குக் கிழியலாம் என்கின்றன அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முயற்சி என்ற பேச்சே கிடையாது.

"ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான்" என்ற வாக்கியம் பிறந்ததும் அந்த நெடுக்கு வெட்டுக் காலத்தில்தான். 1916-ல் நியூயார்க்கில் எட்வின் கிராகின் என்ற மருத்துவர் எழுதியது. முதல் ஆபரேஷனை யோசிக்காமல் செய்துவிடாதீர்கள், அது அந்தப் பெண்ணை ஆயுளுக்கும் பின்தொடரும் என்று சக மருத்துவர்களை எச்சரிக்கத்தான் அவர் அப்படி எழுதினார். விதிவிலக்குகள் உண்டு என்றும் அதே கட்டுரையில் சொன்னார். கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டைக் கிளாஸ்கோவில் மன்ரோ கெர் பரவலாக்கியது அதற்குப் பிறகு, 1920-களில். வெட்டு மாறிவிட்டது, வாக்கியம் மட்டும் நூறு வருடமாக மாறாமல் நம் ஓ.பி. அறைகள் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அப்புறம் ஊசல் இரு பக்கமும் ஆடியது. 1980-ல் அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, ஆபரேஷனுக்குப் பிறகும் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம் என்றது. 1996-ல் அங்கே முன்பு சிசேரியன் ஆன பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் சுகமாகப் பெற்றார்கள். சிலருக்குக் கர்ப்பப்பை கிழிந்தது, வழக்குகள் வந்தன, விதிகள் இறுகின. பத்தே வருடத்தில் அது 10 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் டாக்டர் எந்த வருடம் எங்கே படித்தார் என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று உடனே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, தையல் பிரியுமா? இதில் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். முதலாவது, பழைய தையல் சத்தமில்லாமல் மெலிந்து விலகியிருப்பது. மூன்றாவது சிசேரியனுக்கு வயிற்றைத் திறக்கும்போது பலமுறை பார்த்திருக்கிறேன். கர்ப்பப்பைச் சுவர் கண்ணாடித் தாள் போல ஆகி, பனிக்குட நீரில் குழந்தையின் தலைமுடி அசைவது வெளியிலிருந்தே தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஒரு வலியும் இருந்திருக்காது, குழந்தையும் நன்றாக இருக்கும். இரண்டாவது, உண்மையான கிழிசல். சுவர் முழுசாகப் பிளந்து, ரத்தம் வயிற்றுக்குள் கொட்டி, குழந்தையோ நஞ்சுக்கொடியோ வெளியே தள்ளப்படுவது. பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

எத்தனை பேருக்கு இது நடக்கிறது? ஒரே ஒரு குறுக்கு வெட்டு இருப்பவர்கள் வலியோடு முயற்சி செய்தால் சுமார் 200 பேரில் ஒருவருக்கு என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015-ல் எழுதியது. அமெரிக்காவில் 17,898 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2004-ல் வெளிவந்த ஆய்வில் 0.7 சதவீதம். அவர்களில் 73 சதவீதம் பேர் சுகமாகப் பெற்றார்கள். இரண்டு வெட்டு இருப்பவர்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, 71 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம் ஆனது, 1.36 சதவீதம் பேருக்குக் கிழிந்தது என்கிறது. அதாவது ஒரு வெட்டுக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2006-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் வித்தியாசம் அவ்வளவு இல்லை, 0.7-க்கு 0.9 தான். ஆனால் ரத்தம் ஏற்ற வேண்டி வந்ததும் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வந்ததும் அதிலும் கூடுதலாகத்தான் இருந்தன. இவற்றை வைத்துத்தான் அமெரிக்க, பிரிட்டிஷ் வழிகாட்டுதல்கள் இரண்டுமே, இரண்டு குறுக்கு வெட்டு இருப்பவருக்கும் அனுபவமுள்ள மருத்துவரோடு பேசி முடிவெடுக்கும் வாய்ப்பைக் கொடுக்கலாம் என்கின்றன. ஆகவே "இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டால் உலகத்தில் எங்குமே செய்ய மாட்டார்கள்" என்பது சரியல்ல.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? ஒரு வெட்டைப் பற்றியவை உறுதியானவை. இரண்டு வெட்டைப் பற்றியவை அந்த அளவுக்கு இல்லை. இந்த ஆய்வுகளில் பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிடவில்லை. நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று மருத்துவர் கருதியவர்கள்தான் முயற்சிக்கே வந்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை சுகமாகப் பெற்றவர்கள் அவர்களில் நிறைய. அதனால் 71 என்ற எண்ணை அப்படியே உங்கள்மேல் தூக்கி வைக்க முடியாது. அந்த ஆஸ்பத்திரிகளில் குழந்தையின் துடிப்பை நொடி விடாமல் பார்த்தார்கள், பக்கத்து அறையில் ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் அந்த எண்களுக்கும் மதிப்பில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதுவரை சுகமாகப் பெற்றதில்லை. ஒருமுறை பெற்றிருந்தால் வாய்ப்பு 85, 90 சதவீதம் வரை ஏறும், அது உங்களுக்கு இல்லை. மூன்றாவது பிள்ளையாக இருந்தாலும் உங்கள் கர்ப்பப்பை வாய்க்கு இது கிட்டத்தட்ட தலைப்பிரசவம் மாதிரிதான். முதல் ஆபரேஷனுக்குக் காரணம் என்ன என்பதும் முக்கியம். குழந்தை தலைகீழாக வராமல் இருந்ததால் செய்திருந்தால் அடுத்தமுறை அந்தக் காரணமே இருக்காது, சுமார் 84 சதவீதம் வரை வாய்ப்பு. வாய் திறக்காமல் நின்றுபோனதால் செய்திருந்தால் ஏறத்தாழ 64 சதவீதம். இவை ஒரு வெட்டு உள்ளவர்களின் கணக்கு. உங்களுடையது இரண்டாவது வகை. ஆனால் அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. உங்களுக்கு வலி தானாக வரவில்லை, வாய் பழுக்காத நிலையில் ஜெல் வைத்து வரவைத்தது. அப்படி ஆரம்பித்த வலி மூன்று விரலில் நின்றுபோவதற்கும், தானாக வந்த வலி நன்றாகப் பிடித்தும் தலை இறங்காமல் நின்றுபோவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவதை வைத்து "உங்களுக்கு இடுப்பு எலும்பு சின்னது" என்று சொல்லிவிட முடியாது. இரண்டு ஆபரேஷனுக்கும் இப்போதைய கர்ப்பத்துக்கும் நல்ல இடைவெளி இருக்கிறது. அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், தானாக வலி வந்து, குழந்தையும் அளவான எடையில் இருந்தால், உங்கள் வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்கும் என்று தோன்றுகிறது. இது என் அனுபவத்தில் சொல்வது, எந்தக் கணக்கிலும் வந்த விடை அல்ல.

பாதிக்கு மேல் என்றால் முயன்று பார்க்கலாமே என்று நினைப்பீர்கள். யோசிக்க வேண்டிய இடம் இதுதான். முடிவு இரண்டு வகையில் மட்டும் வருவதில்லை, மூன்று வகையில் வரலாம். சுகமாகப் பெற்றுவிட்டால் தாய்க்கு அதைவிட நல்லது இல்லை: ரத்தப்போக்கு குறைவு, காய்ச்சல் குறைவு, மூன்றாம் நாள் வீட்டில் நடமாடலாம். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் அதற்கு அடுத்தபடி. பன்னிரண்டு மணி நேரம் வலி பட்டு, கடைசியில் அவசரமாகச் செய்யும் ஆபரேஷன்தான் மூன்றிலும் மோசமானது. கிருமித் தொற்று, அதிக ரத்தப்போக்கு, சிறுநீர்ப்பையில் காயம் எல்லாம் அங்கேதான் குவிகின்றன. அதனால்தான் வெற்றி வாய்ப்பு 60, 70 சதவீதமாவது இருந்தால்தான் முயற்சியின் ஆபத்து திட்டமிட்ட ஆபரேஷனுக்குச் சமமாகும் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நீங்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. எனக்கு உங்கள் கேள்வியைவிட அதுதான் கவலை. இந்தக் கர்ப்பத்தில் நஞ்சு (நஞ்சுக்கொடி) எங்கே ஒட்டியிருக்கிறது? உங்களுக்கு இது ஐந்தாம் மாதம், உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் இப்போதுதான் எடுத்திருப்பார்கள் அல்லது எடுக்கப்போகிறார்கள். நஞ்சு பழைய தையலின் மேல், கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அது தழும்புக்குள் வேர்விட்டுப் பிரியாமல் போகலாம். இரண்டு சிசேரியன் ஆனவருக்கு நஞ்சு வாயை மூடியும் இருந்தால், மூன்றாவது ஆபரேஷனின்போது நஞ்சு இப்படி ஊடுருவியிருக்கும் வாய்ப்பு 40 சதவீதம் என்று 2006-ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அப்படியானால் சுகப்பிரசவப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, ரத்த வங்கியும் சிறுநீரக அறுவை மருத்துவரும் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு இப்போதே மாற வேண்டும். நஞ்சு மேலே, பின்பக்கமாக இருந்தால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். இப்போது கீழே இருக்கிறது என்று எழுதியிருந்தாலும் பயந்துவிட வேண்டாம். பலருக்குக் கர்ப்பப்பை வளர வளர நஞ்சு மேலே போய்விடும். எட்டாம் மாதம் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி இடத்தைப் பற்றி. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு முகம் ஞாபகம் வரும். பல வருடங்களுக்கு முன், ராத்திரி ஒன்றரை மணி. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வலி வர மாத்திரை கொடுத்து, பிறகு அவர்களால் முடியாமல் 108-ல் ஏற்றி எங்களிடம் அனுப்பினார்கள். முன்பு ஒரு ஆபரேஷன் ஆனவள். ஸ்ட்ரெச்சரில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலி நின்னுடுச்சு டாக்டர், இப்ப நல்லா இருக்கு" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. வயிற்றில் கை வைத்தேன். குழந்தையின் கை விரல்கள் தோலுக்கு அடியில் அப்படியே தட்டுப்பட்டன. குழாய் வழியாகப் பையில் இறங்கிய சிறுநீர் இளஞ்சிவப்பாக நிறம் மாறியிருந்தது. வலி நின்றது கர்ப்பப்பை பிளந்துவிட்டதால். தாயைக் காப்பாற்றினோம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. குழந்தை இல்லை. அந்த மாத்திரை வலியைக் கட்டுக்கடங்காமல் ஏற்றிவிடும். தழும்புள்ள கர்ப்பப்பைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2001-ல் வெளிவந்தது. தானாக வலி வந்தவர்களில் 0.52 சதவீதம் பேருக்குக் கிழிந்தது. இந்த வகை மருந்துகளால் வலி வரவைத்தவர்களில் 2.45 சதவீதம் பேருக்கு.

அதே லேபர் வார்டில் வேறொரு ராத்திரி. இவளுக்கு இரண்டு ஆபரேஷன் முடிந்திருந்தது. முதலாவது குழந்தை புட்டம் கீழாக இருந்ததால், இரண்டாவது நீர் வற்றியதால். மூன்றாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம், அதற்கு நான்கு நாள் முன்னால் நன்றாக வலி பிடித்து, மூன்று விரல் திறந்த நிலையில் வந்தாள். உட்கார்ந்து பேசினோம். தியேட்டரில் மயக்க மருத்துவர் இருந்தார், இரண்டு யூனிட் ரத்தம் எடுத்து வைத்தோம், முயன்று பார்க்கலாம் என்று அவளும் சொன்னாள். துடிப்பு எழுதும் காகிதம் மடிமடியாக இயந்திரத்திலிருந்து இறங்கித் தரையில் குவிந்துகொண்டே இருந்தது. அந்தப் படுக்கையை விட்டு நான் நகரவில்லை. நாலரை மணிக்குப் பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்ட பிறகும் அவளால் நம்ப முடியவில்லை, "அவ்வளவுதானா, இனி வெட்ட வேண்டாமா" என்று இரண்டுமுறை கேட்டாள். இரண்டு பெண்களின் உடம்பிலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. ஒருத்திக்கு இருந்த ஏற்பாடு மற்றவளுக்கு இல்லை.

ஆகவே ஆஸ்பத்திரியில் "நார்மல் பார்ப்பீர்களா" என்று மட்டும் கேட்டால் போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருத்துவர் கட்டடத்துக்குள் இருப்பாரா, போன் செய்து வர வேண்டுமா? ரத்தம் அங்கேயே கிடைக்குமா? குழந்தை மருத்துவர்? துடிப்பை விடாமல் எழுதும் சி.டி.ஜி. இயந்திரம் உங்களுக்கென்று ஒன்று இருக்குமா, நான்கு பேருக்கு ஒன்றா? இதற்கு முன் இரண்டு ஆபரேஷன் ஆனவருக்குப் பார்த்திருக்கிறார்களா? தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இருக்கும் சீமாங் மையங்கள் இருபத்துநான்கு மணி நேர அவசரப் பிரசவத்துக்காகவே ஏற்படுத்தப்பட்டவை. சென்னை என்றால் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் மற்ற பிரசவங்களுக்கு மிக நல்ல இடம், இதற்கு அல்ல.

ஒரே ஒரு டாக்டர் நடத்தும் நர்சிங் ஹோமில் உங்கள் டாக்டர் "முடியாது" என்றிருந்தால், அதில் நேர்மை இருக்கிறது. மயக்க மருத்துவர் வர அரை மணி நேரம் ஆகும் இடத்தில் நானும் அதையேதான் சொல்வேன். பணத்துக்காகத்தான் வெட்டுகிறார்கள் என்று எல்லோரும் பேசுவது எனக்குத் தெரியும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8, அரசில் 36. இந்த வித்தியாசம் முழுவதையும் மருத்துவக் காரணத்தால் விளக்க முடியாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். உங்கள் இரண்டாவது பிரசவத்தில் வலிக்குக் காத்திருக்கும் வாய்ப்பைப் பற்றி யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அதில் உங்களுக்கு வருத்தம் இருந்தால் அது நியாயம்தான். ஆனால் அந்த வருத்தத்தில் மூன்றாவதைத் தீர்மானித்துவிடாதீர்கள்.

அந்த வீடியோவைப் பற்றி ஒரே வார்த்தை: வீட்டில் வேண்டவே வேண்டாம். 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் இறந்துபோனார், அவருக்குக் கர்ப்பப்பையில் தழும்புகூட இருந்ததாகச் செய்தி இல்லை. கிழிந்த பிறகு நம் கையில் இருப்பது நிமிடங்கள். மருத்துவமனையில் நடந்த கிழிசல்களிலேயே சுமார் 6 சதவீதத்தில் குழந்தை இறந்தது என்று 2010-ல் கூடிய அமெரிக்க வல்லுநர் குழு கணக்கிட்டது.

மூன்றோடு போதும் என்று நீங்கள் எழுதியிருப்பதும் கணக்கில் வரும். சுகப்பிரசவத்தின் பெரிய லாபங்களில் ஒன்று அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான். வெட்டு கூடக்கூட நஞ்சு ஊடுருவும் ஆபத்தும் குடல், சிறுநீர்ப்பை ஒட்டிக்கொள்வதும் கூடும். நான்காவது வேண்டும் என்பவருக்கு அதைத் தவிர்ப்பது மிகப் பெரிய விஷயம். உங்களுக்கு அந்த லாபம் கிடையாது. மறுபக்கம், மூன்றாவது ஆபரேஷனும் லேசானதல்ல. ஒட்டல்களைப் பிரித்து உள்ளே போகவே நேரமாகும், அனுபவமுள்ள கை வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஆபரேஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சுகப்பிரசவம் ஆன மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறிய வெட்டில் அதைச் செய்துவிடலாம். உங்கள் கணவர் செய்துகொள்வது இன்னும் சுலபம், பத்து நிமிட வேலை.

நீங்கள் என்னிடம் வந்திருந்தால் என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். இரண்டு ஆபரேஷன் குறிப்பும் கையில் இருந்து, இரண்டும் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு என்று எழுதியிருந்து, நஞ்சு மேலே இருந்து, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இல்லாமல், எட்டாம் மாதக் கடைசியில் குழந்தை தலைகீழாகவும் அளவான எடையிலும் இருந்தால், தானாக வலி வரட்டும் என்று நாற்பதாவது வாரம் வரை காத்திருப்பேன். ஜெல் இல்லை, மாத்திரை இல்லை. வலி வந்து வாய் ஒழுங்காகத் திறந்துகொண்டே போனால் போவோம். எங்காவது நின்றால், துடிப்பு தடுமாறினால், பழைய தையல் இடத்தில் வலிக்கும் வலிக்கும் இடையில்கூட விடாமல் வலித்தால், யோசிக்காமல் தியேட்டர். நாற்பது தாண்டியும் வலி வரவில்லை என்றால் ஆபரேஷன்தான், வலி வரவைக்க மாட்டேன். உங்களைப் போல முன்பு சுகப்பிரசவமே ஆகாமல், வாய் திறக்காமல் போனவருக்கு, மறுபடி மருந்து வைத்து வலி வரவைத்தால் வெற்றி வாய்ப்பு இன்னும் இறங்கிவிடும். முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைத்துக்கொள்ளலாம், அதனால் கிழிவது தெரியாமல் போய்விடும் என்பது பழைய பயம். குழந்தையின் துடிப்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இப்படி நான் செய்வது போல எல்லா மூத்த மருத்துவர்களும் செய்ய மாட்டார்கள். இரண்டு வெட்டு என்றால் என்ன ஆனாலும் ஆபரேஷன் என்று வைத்திருக்கும் நல்ல மருத்துவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஸ்கேனில் தழும்பின் கனத்தை அளந்து சொல்கிறார்களே, அதை நம்பலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். மெலிந்திருந்தால் ஆபத்து கூடும் என்பது உண்மை. ஆனால் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் பாதுகாப்பு என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட எல்லை இல்லை, அளப்பவர் கைக்கு ஏற்ப எண்ணும் மாறும். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கர்ப்பப்பையை ஒரே அடுக்காகத் தைத்தார்களா இரண்டு அடுக்காகவா என்பதிலும் இன்னும் வாதம் தீரவில்லை.

கடைசி மாதத்தில் வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுப்பார்கள், வேண்டாம். சீரகக் கஷாயம் குடித்துப் பொய் வலியா நிஜ வலியா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காருவதும் உங்களுக்குக் கூடாது. வலியோ, நீர் உடைந்ததோ, ரத்தம் பட்டதோ, எதுவானாலும் உடனே கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரத்துக்கு மேல் தூரம் என்றால், ஒன்பதாம் மாதக் கடைசியில் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒருவேளை ஆபரேஷன் என்றே முடிவானால், பிரச்சினை ஏதும் இல்லாதபோது 39 வாரம் முடிந்த பிறகு நாள் குறிக்கச் சொல்லுங்கள். நல்ல நேரம், நட்சத்திரம் என்று 37-லேயே எடுத்தால் குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு ஐ.சி.யூ.வில் கிடக்க நேரும். மாமியாரிடம் இதை நீங்கள் சொல்வதைவிட, ஒருமுறை அவரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அவர் வாயால் கேட்கவைப்பது நல்லது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பிரசவமும் நடந்த ஆஸ்பத்திரிகளின் ரெக்கார்டு அறைக்குக் கணவரை அனுப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமல்ல, ஆபரேஷன் குறிப்பின் நகலையும் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். அந்த வரியில் ‘கீழே’, ‘முன்பக்கம்’ என்ற இரண்டும் சேர்ந்து வந்திருந்தால் அடுத்த மாத செக்கப்புக்காகக் காத்திருக்காமல், காகிதங்களை எடுத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஓ.பி.க்கு உடனே போங்கள். இல்லையென்றால், இரண்டு ஆபரேஷன் குறிப்பிலும் கர்ப்பப்பை வெட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.